கரை யார் கையில், தண்ணீர் யார் தலையில்?

(ஆயக்கட்டு விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசிய உரையின் எழுத்து வடிவம். படித்து முடித்ததும் பக்கத்து ஊருக்குக் கொடுங்கள்.)



போன கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து கேட்டார். "அண்ணே, ஏரியில போட்டு விட்டா என்ன தப்பு? தண்ணி எப்பவும் ரொம்பி நிக்கும். பத்துப் பசங்களுக்கு வேலை கிடைக்கும். நாம எதுக்கு மறிக்கணும்?" நியாயமான கேள்வி. அன்றைக்கு நேரமில்லாமல் போய்விட்டது. இன்றைக்கு அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். படகு விடுவதை நம் சங்கம் எதிர்க்கவில்லை.  நாம் எதிர்ப்பது குத்தகை வரைவில் இருக்கிற ஒரே ஒரு வரியை. "ஏரிக்கரை, மதகு, கலங்கல் ஆகியவற்றின் பராமரிப்பும் குத்தகைதாரர் பொறுப்பில் இருக்கும்" என்று எழுதியிருக்கிறார்கள். படிக்க நல்லாத்தான் இருக்கு. நமக்குச் செலவு மிச்சம் என்றுகூடத் தோன்றும். ஆனால் அந்த ஒரு வரி என்னென்ன செய்யும் என்பதற்கு ஏற்கெனவே நடந்த கதை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்தது. தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். மண் கரை எங்கே இருந்தாலும் மண் கரைதான்.

கால்வாய்க்குக் கட்டிய கரை, கேளிக்கைக்குப் போனது

அந்த மாநில அரசு 1838வாக்கில் ஒரு மண் அணை கட்டத் தொடங்கியது. சவுத் ஃபோர்க் அணை என்று பெயர். பணம் இல்லாமல் நடுவில் வேலை நின்று, 1853இல்தான் முடிந்தது. 72 அடி உயரம், 931 அடி நீளம். நல்ல நெட்டைப் பனை உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் அங்கே சரக்கெல்லாம் கால்வாயில் படகு மூலம் போகும். கோடையில் கால்வாய் வற்றாமல் இருக்க மலையில் தண்ணீரைத் தேக்கி வைத்தார்கள். கட்டியவர்கள் வேலை தெரிந்தவர்கள். அடியில் இரண்டடி அகலத்தில் ஐந்து இரும்புக் குழாய் வைத்தார்கள். நம் பாஷையில் சொன்னால் அதுதான் மதகு. ஓரத்தில் பாறையை வெட்டி மிகைநீர் வெளியேற வழி வைத்தார்கள். அதுதான் கலங்கல்.

அணை முடிந்த வேகத்திலேயே ரயில் வந்துவிட்டது. கால்வாய்க்கு வேலை இல்லை. 1857இல் கால்வாயையும் அணையையும் சேர்த்து ரயில் கம்பெனிக்கு விற்றார்கள். கம்பெனிக்குத் தண்டவாளம்தான் வேண்டும், அணை எதற்கு? கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. 1862இல் ஒரு பக்கம் உடைந்தது. ஏரியில் தண்ணீர் குறைவாக இருந்ததால் பெரிய சேதம் இல்லை. 1875இல் ஒருவர் வாங்கினார். அவர் அடியில் இருந்த இரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்பு விலைக்குப் போட்டார். 1879இல் அது ஒரு பணக்காரர் கிளப் கைக்கு வந்தது. சவுத் ஃபோர்க் மீன்பிடிப்பு, வேட்டைக் கழகம் என்று பெயர்.

உறுப்பினர்கள் 60 சொச்சம் பேர். எல்லோரும் பிட்ஸ்பர்க் நகரத்துப் பெரும் முதலாளிகள். இரும்பு முதலாளி கார்னகி, நிலக்கரி முதலாளி ஃப்ரிக், வங்கிக்காரர் மெல்லன் எல்லோரும் அதில் உண்டு. கோடையில் குடும்பத்தோடு வந்து படகு விடவும், தூண்டில் போடவும் ஏரி. கரையோரம் 47 அறை மாளிகை, சொந்த பங்களாக்கள். ஏரியில் நீராவிப் படகு.

அணைக்குக் கீழே 14 மைலில் ஜான்ஸ்டவுன் என்ற ஊர். சுற்று வட்டாரத்தோடு சேர்த்து 30,000 பேர். இரும்பாலைக் கூலித் தொழிலாளிகள், வேறு தேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஊரைவிட ஏரி 450 அடி உயரத்தில் இருந்தது.

நான்கு காரியம் செய்தார்கள்

அந்தக் கிளப்பார் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. அதை நான் சொல்ல வேண்டும். தங்கள் வசதிக்கு நான்கு காரியம் செய்தார்கள், அவ்வளவுதான்.

ஒன்று, பிடுங்கிய மதகைத் திரும்ப வைக்கவில்லை. செலவு பாருங்க! அதனால் ஏரியின் தண்ணீரை இறக்க வழியே இல்லாமல் போனது. தண்ணீரை இறக்காமல் கரையை எப்படிப் பழுது பார்ப்பது?

இரண்டு, 1862இல் உடைந்த இடத்தை மண்ணும் கல்லும் செத்தையும் வைக்கோலும் போட்டு அடைத்தார்கள். கெட்டிக்கவில்லை. நாளடைவில் அணையின் நடுப்பகுதி அமுங்கி, ஓரங்களைவிடத் தாழ்ந்தது. கரையில் நடுப்பாகம்தான் உயரமாக இருக்க வேண்டும் என்று நம் பாட்டனுக்குத் தெரியும்.

மூன்று, கரை மேல் இரண்டு குதிரை வண்டி எதிரெதிரே போக வேண்டும் என்று கரைத் தலையைச் சுமார் மூன்றடி வெட்டி அகலப்படுத்தினார்கள். கரைத் தலை தாழ்ந்தால் கலங்கலில் தண்ணீர் போகும் ஆழமும் அந்த அளவுக்குக் குறையும். கலங்கலைத் தொடாமலே அதைச் சுருக்கிவிட்டார்கள்.

நான்கு, இதைக் கவனமாகக் கேளுங்கள். ஏரியில் விலை கொடுத்து வாங்கிய மீன்களை விட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் மீன் கலங்கல் வழியே தப்பித்துப் போகக் கூடாது என்று கலங்கலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பித் தட்டி கட்டினார்கள்.

இதைக் கேட்டதும் இங்கே சிலர் தலையை ஆட்டுகிறீர்கள். ஆமாம், நாமும் பார்த்ததுதான். நம் ஏரிகளில் மீன் குத்தகை எடுத்தவர்கள் கலங்கலில் வலை கட்டுகிறார்கள். வெள்ளத்தில் ஆகாயத்தாமரையும் முள்ளும் செத்தையும் வந்து அந்த வலையில் அடைக்கும். அதற்கப்புறம் அது வலை இல்லை, சுவர். எங்கள் ஊரில் ஒரு ஐப்பசியில் ராத்திரி ஏரித் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. வயசான நீர்க்கட்டி ஒருத்தர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, அரிவாளால் வலையை அறுத்துவிட்டார். மறுநாள் அவர்மேல் குத்தகைதாரர் புகார் கொடுத்தார், மீன் போய்விட்டதாம்! அன்றைக்கு அவர் அறுக்கவில்லை என்றால் புகார் கொடுக்க ஊர் இருந்திருக்காது.

நம் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிட வேண்டும். மழை குறைந்த வருஷத்தில் இன்னும் ஒரு சாண் தண்ணீர் நிற்கட்டும் என்று கலங்கலில் மணல் மூட்டை அடுக்கியது யார்? நாம்தான். நானும் மூட்டை தூக்கியிருக்கிறேன். அதை விட்டுவிட்டு அடுத்தவனை மட்டும் குறை சொன்னால் யார் நம்புவார்கள்?

எச்சரித்தவர் இருந்தார், கேட்பவர் இல்லை

அணையில் குறை இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாமல் இல்லை. ஜான்ஸ்டவுன் இரும்பாலையின் தலைவர் மொரெல், 1880இலேயே தன் ஆள் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். ஃபுல்டன் என்பவர் போய்ப் பார்த்து இரண்டு குறை எழுதினார். தண்ணீரை இறக்க மதகு இல்லை. அடைத்த இடம் சரியில்லை, கசிவு இருக்கிறது. செலவில் ஒரு பங்கு நாங்கள் தருகிறோம், சரி செய்யுங்கள் என்று மொரெல் கேட்டார். கிளப்பின் தலைவர் ரஃப் மறுத்துவிட்டார். உங்களுக்கு எங்களால் ஆபத்து இல்லை என்று எழுதிவிட்டார். மொரெல் கடைசியில் தானும் கிளப்பில் உறுப்பினராகச் சேர்ந்து பார்த்தார். 1885இல் அவர் இறந்துபோனார். கேட்பதற்கு இருந்த ஒரே பெரிய ஆளும் போய்விட்டார்.

இங்கே ஒரு விஷயம் யோசிக்க வேண்டும். அவ்வளவு பெரிய ஆலைத் தலைவர் காசு தருகிறேன் என்று கேட்டே நடக்கவில்லை. ஏன்? அணை தனியார் சொத்து. உள்ளே வந்து பார்க்க, சரி செய்யச் சொல்ல, கீழே இருக்கிற எவனுக்கும் உரிமை இல்லை. எழுதிக் கேட்கலாம். அவர்கள் பதில் எழுதினால் வாங்கிக்கொள்ளலாம். அவ்வளவே.

57 நிமிஷம்

1889 மே 30 ராத்திரி பெருமழை பிடித்தது. மறுநாள் 31ஆம் தேதி காலையில் ஏரி மளமளவென்று ஏறியது. அப்போது கிளப் தலைவராக இருந்த உங்கர் ஆட்களைக் கூப்பிட்டுக் கரையை உயர்த்தப் பார்த்தார். இன்னொரு பக்கம் புதுசாகக் கலங்கல் வெட்டப் பார்த்தார்கள், பாறை தட்டியது. மீன் தட்டியில் செத்தை அடைத்துக் கொண்டது. அதை எடுத்துவிடலாமா என்ற யோசனை வந்தபோது நேரம் கடந்துவிட்டது. எடுக்க முடியவில்லை. பார்க் என்ற இளம் பொறியாளர் குதிரையில் கீழே இருந்த சவுத் ஃபோர்க் ஊருக்குப் பறந்து போய்த் தந்தி கொடுக்கச் சொன்னார். தந்தி போனது. ஆனால் வருஷா வருஷம் மழைக்காலத்தில் "அணை உடையப் போகுது" என்று கேட்டுக் கேட்டு ஜனங்களுக்குப் பழகிவிட்டது. யாரும் அதை மதிக்கவில்லை.

மண் கரைக்கு மேலே தண்ணீர் வழிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்சரிவு மண்ணை அரித்துக்கொண்டே பின்னுக்கு வரும். கொஞ்ச நேரம் கரை நிற்கிற மாதிரி இருக்கும். அப்புறம் ஒரே மூச்சில் போகும். பிற்பகல் மூன்று மணி வாக்கில் போனது. சுமார் அரை டி.எம்.சி. தண்ணீர். 4 மணி 7 நிமிஷத்துக்கு ஜான்ஸ்டவுனில் அடித்தது. வழியில் வீடு, மரம், ரயில் பெட்டி, முள்கம்பி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்தது. 57 நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. ஊர்க்கோடியில் கல் பாலத்தில் அடைத்துக்கொண்ட குப்பை மேட்டில் தீப்பிடித்து, தண்ணீருக்குத் தப்பியவர்கள் சிலர் நெருப்பில் செத்தார்கள்.

செத்தவர்கள் 2,209 பேர். அதில் 396 பேர் குழந்தைகள். 99 குடும்பங்களில் ஒருத்தர்கூட மிஞ்சவில்லை. 777 உடலை யார் என்று அடையாளம் காட்ட ஆள் இல்லை. பெயர் எழுதாத கல்லாக வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள்.

தீர்ப்பு என்ன ஆனது?

வழக்குப் போட்டார்கள். கிளப் உறுப்பினரில் ஒருவரான நாக்ஸ் பெரிய வழக்கறிஞர். அவருடைய அலுவலகமே கிளப்புக்காக நின்றது. பெருமழை கடவுள் செயல் என்று முடிந்தது. கிளப்பிடமிருந்து ஒரு காசு நஷ்டஈடு யாருக்கும் கிடைக்கவில்லை. கிளப் ஆயிரம் கம்பளி அனுப்பியது. கார்னகி ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார். அந்தக் கட்டடத்தில் இப்போது அந்த வெள்ளத்துக்கான அருங்காட்சியகம் இருக்கிறது.

அமெரிக்கப் பொறியாளர் சங்கம் ஆராய்ந்து 1891இல் அறிக்கை வெளியிட்டது. பழைய அளவிலேயே இருந்திருந்தாலும் அணை உடைந்திருக்கும் என்றார்கள். 2016இல் வேறு ஆராய்ச்சியாளர்கள் திரும்பக் கணக்குப் போட்டார்கள். கரையை வெட்டாமல், மதகைப் பிடுங்காமல் இருந்திருந்தால் அந்த வெள்ளத்தை அணை தாங்கியிருக்கும் என்று எழுதினார்கள். 127 வருஷம் கழித்து வந்த நியாயத்தை வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

"அது அந்தக் காலம்" என்று சொல்ல முடியாது

1977 நவம்பர் 6, ஜார்ஜியா மாநிலம், டொக்கோவா ஃபால்ஸ் என்ற இடம். ஒரு கல்லூரிக்குச் சொந்தமான பழைய மண் அணை. முன்பு மின்சாரத்துக்குப் பயன்பட்டது, 1957க்குப் பிறகு வெறும் பொழுதுபோக்கு ஏரி. நள்ளிரவு தாண்டி உடைந்தது. தூங்கிக்கொண்டிருந்த 39 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் நாடு முழுக்க ஆபத்தான தனியார் அணைகளைச் சோதிக்க அமெரிக்க அரசு உத்தரவு போட்டது.

2020 மே 19, மிச்சிகன் மாநிலம், ஈடன்வில் அணை. 1920களில் கட்டிய மண் அணை, தனியார் கம்பெனி கையில். ஏரியைச் சுற்றிப் படகு வீடுகள். பெருவெள்ளத்தைக் கடத்த வழி போதாது, சரி செய்யுங்கள் என்று வருஷக்கணக்கில் சொல்லிப் பார்த்து, கேட்காததால் 2018இல் மின் உற்பத்தி உரிமத்தையே மத்திய அரசு அமைப்பு ரத்து செய்தது. உரிமம் போனது, அணை அப்படியே நின்றது. இரண்டாம் வருஷம் உடைந்தது. சுமார் 10,000 பேரை முன்கூட்டியே வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? திவால் மனு கொடுத்தது.

ஒரு நண்பர் கேட்பார், "அரசாங்க அணை உடையாதா?" உடையும். 1979 ஆகஸ்ட் 11இல் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி ஊர் அழிந்ததே, அது அரசு அணைதான். ஆகவே அரசாங்கம் நல்லது, தனியார் கெட்டது என்று நான் பேசவில்லை. நான் சொல்வது ஒரே விஷயம். தண்ணீரை அனுபவிப்பவன் மேலே இருக்கிறான், சாகிறவன் கீழே இருக்கிறான். கீழே இருக்கிறவனுக்குக் கரை மேல் ஏறிப் பார்க்க, கேட்க, மதகைத் திறக்க உரிமை இல்லை என்றால் அந்தக் கரை ஒரு நாள் போகும். உரிமையாளர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அலட்சியமே போதும்.

சட்டம் நம்மைக் காப்பாற்றுமா?

2021இல் நாடாளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் அது 15 மீட்டருக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட 50 அடிக்கு மேல் உயரமான அணைகளுக்கு. 10 முதல் 15 மீட்டர் வரை இருந்தால் சில நிபந்தனைகளோடு பொருந்தும். நம் ஏரிக்கரை 50 அடியா? 30 அடிகூட வராது. நம் ஏரி அந்தக் கணக்கிலேயே இல்லை. 1986இல் உச்ச நீதிமன்றம் டெல்லி விஷவாயு வழக்கில், அபாயகரமான தொழில் நடத்துகிறவன் அதனால் வரும் கேட்டுக்கு எந்தச் சாக்கும் சொல்லாமல் பொறுப்பேற்க வேண்டும் என்றது. படகுக் குத்தகைதாரருக்கு அது செல்லுமா என்று கேஸ் நடத்திப் பார்க்க நமக்குத் தெம்பு இருக்கா? நஷ்டஈடு செத்தவனுக்கு இல்லை. கரை உடையாமல் இருப்பதுதான் நமக்கு வேண்டும்.

நம் முன்னோர் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்திய உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் இருக்கிறது. ஏரியைப் பார்க்க ஊரே ஆள் தேர்ந்தெடுத்தது. குடிமராமத்து என்பதும் அதுதான். எவன் நிலம் கரைக்குக் கீழே இருக்கிறதோ அவன்தான் கரைக்கு மண் போட்டான். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி நமக்கு நீரினைப் பயன்படுத்துவோர் சங்கமும் இருக்கிறது. அதன் பெயர்ப்பலகை துருப்பிடித்துத் தொங்குகிறதே, அது நம் தப்பு. அதற்கு உயிர் கொடுக்க வேண்டும்.

நம் கோரிக்கைகள்

1. ஏரியில் மீன், படகு எதைக் குத்தகைக்கு விட்டாலும் மீனோடும் படகோடும் நிற்க வேண்டும். கரை, மதகு, கலங்கல் மூன்றையும் குத்தகைதாரர் கையில் கொடுக்கும் வரியை வரைவிலிருந்து நீக்க வேண்டும்.

2. கலங்கலில் வலை, தட்டி, மணல் மூட்டை, பலகை எதுவும் கட்டக் கூடாது. கட்டினால் குத்தகை ரத்து. நம் ஆள் கட்டினாலும் சங்கம் அவரை விடாது.

3. மதகுச் சாவி நீர்க்கட்டி கையில் இருக்க வேண்டும். படகு ஓட்டத் தண்ணீர் வேண்டும் என்று பாசனத்துக்கு மதகைத் திறக்க மறுக்கக் கூடாது.

4. சாலைக்காக, பார்வையாளர் நடைபாதைக்காகக் கரைத் தலையை ஒரு விரற்கடைகூட வெட்டக் கூடாது.

5. ஒவ்வொரு ஆவணியிலும் நீர்வளத் துறைப் பொறியாளரும் ஆயக்கட்டு விவசாயிகளும் சேர்ந்து கரை முழுவதும் நடந்து பார்க்க வேண்டும். கண்ட குறையை எழுதி, கையெழுத்துப் போட்டு, ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும்.

6. கரைக்கு ஆபத்து என்றால் எந்த ஊருக்கு யார் சொல்வது, எங்கே போய்த் தங்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்து தண்டோரா போட வேண்டும்.

அதிகாரிகள் பார்க்கும்வரை நாம் சும்மா இருக்க வேண்டாம். வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பேர் சேர்ந்து கரையில் நடங்க. எலி வளை, நண்டு வளை, பின்சரிவில் வளர்ந்த மரம், அமுங்கின இடம், மாடு இறங்கி அறுத்த பாதை எல்லாம் குறித்துக்கொள்ளுங்க. கரைக்குப் பின்னால் கசிவு தெளிவாக வந்தால் தினமும் போய்ப் பாருங்க, கூடுதா குறையுதா என்று. சேறாக வந்தால் கரை உள்ளே கரைகிறது என்று அர்த்தம். உடனே எல்லோருக்கும் சொல்லுங்க.

அந்தக் குறிப்பையும் கோரிக்கை மனுவையும் எடுத்துக்கொண்டு அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போகிறோம். பத்துப் பேர் போனால் மனு, ஆயிரம் பேர் போனால் கோரிக்கை. வண்டிக்கு ஊருக்கு ஒருத்தர் பொறுப்பு.

கேள்வி கேட்ட தம்பிக்கு இதுதான் என் பதில். போட்டு விடட்டும் தம்பி, நானும் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து ஏறுகிறேன். ஆனால் சாவி நம்மிடம் இருக்கட்டும். கரைக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவன் நாம்தானே.

ஏரிக்கரை ஊர்க்கரை!
கலங்கலை அடைக்காதே! மதகைப் பூட்டாதே!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!